நின்றது நாடி, இதயம் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், மன ஒருமையால் இதயத் துடிப்பையே நிறுத்திவிடும் யோகிகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். முப்பது ஆண்டுகள் இசிஜி (இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் பதியும் சோதனை) எடுத்தே காலம் கழித்தவன் என்ற முறையில், அதில் விடுபட்டுப்போன செய்தி ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

1935-இல் தெரேஸ் ப்ரோஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் இசிஜி கருவியோடு இந்தியாவுக்கு வந்து யோகிகளைச் சோதித்து, இதயம் ஏறத்தாழ நின்றே போனதாக எழுதினார். கட்டுரையாளர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் வெங்கர், பாக்சி ஆகிய ஆய்வாளர்கள் டெல்லி எய்ம்ஸின் உடலியங்கியல் பேராசிரியர் பி.கே. ஆனந்துடன் சேர்ந்து மறுபடியும் சோதித்து, 1961-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூச்சை அடக்கி, வயிற்றையும் மார்பையும் இறுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைந்துவிடுகிறது. அதனால் மணிக்கட்டில் நாடி அகப்படுவதில்லை, ஸ்டெதாஸ்கோப்பிலும் ஓசை கேட்பதில்லை. இசிஜி தாளில் மட்டும் துடிப்பு விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

யோகியரைக் குறைத்துப் பேசுவதற்காக இதை எழுதவில்லை. 1982-இல் ஹெர்பர்ட் பென்சன் குழுவினர், இமயமலைப் பகுதியில் மூன்று திபெத்தியத் துறவிகள் தம் கை, கால் விரல்களின் வெப்பத்தை 8.3 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்தியதை அளந்து வெளியிட்டார்கள். எனக்கு அது இதயத்தை நிறுத்துவதைவிடப் பெரிய வியப்பு. ஆனால் அவர்களும் விரல்களைப் பார்த்து 'சூடாகு' என்று ஆணையிடவில்லை. மூச்சுப் பயிற்சியும், உடலுக்குள் நெருப்பு எரிவதாக மனத்தில் காணும் காட்சியுமே அவர்களுடைய வழி. நாமும் வாயைப் பார்த்து 'எச்சில் ஊறு' என்றால் ஊறுவதில்லை. கிளிமூக்கு மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தூவுவதை நினைத்தாலே ஊறிவிடுகிறது. இதயம், சுரப்பிகள் போன்றவற்றை நாம் நினைக்காமலே இயக்கும் தானியங்கி நரம்பு மண்டலம் நம் சொல்லுக்குக் கட்டுப்படாது. மூச்சு, தசை, கற்பனை ஆகிய பக்கவாசல்கள் வழியாகத்தான் அதை அணுக முடியும்.

இதை நான் தாளிலேயே பலமுறை பார்த்திருக்கிறேன். இசிஜி தாளில் ஒரு பெரிய கட்டம் 0.2 நொடி; இரண்டு துடிப்புகளுக்கு இடையே நான்கு கட்டங்கள் இருந்தால் நிமிடத்துக்கு 75 துடிப்பு. இளவயதினரை மெதுவாக மூச்சை வெளியே விடச் சொன்னால், இதயத் துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடி இறுகி, அந்த இடைவெளி ஐந்து கட்டங்களை எட்டும். உள்ளே இழுத்ததும் மீண்டும் சுருங்கும். மனத்தின் அதிகாரம் உண்மையானதே, ஆனால் அதற்கு எல்லை உண்டு. முதல் வகை நீரிழிவு வந்து கணையத்தின் செல்கள் அழிந்துபோன பிறகு, எத்தனை மணி நேரம் கண்மூடி அமர்ந்தாலும் இன்சுலின் சுரக்கப்போவதில்லை.

எங்கள் தெருவில் ஒருவர் ஏதோ பயிற்சி முகாமில் கேட்டதை நம்பி, இரண்டு மாதங்களாக ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். போன வாரம் அளந்தபோது 180/110 காட்டியது. அவர் உங்கள் கட்டுரையையே வெட்டி எடுத்து என்னிடம் ஆதாரமாக நீட்டினார். அடுத்த ஞாயிறு இணைப்பில் 1961 ஆய்வைப் பற்றியும் நாலு வரி வெளியிட்டால், நானும் அவரிடம் வெட்டி நீட்டுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இசிஜி தொழில்நுட்பர்,
தஞ்சாவூர்.