பக்கத்து வீட்டுக்காரரை நேசிக்க வேண்டியதில்லை, தண்ணீர் மீட்டர் இருந்தால் போதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கூடி வாழ்ந்தால் பூமிக்குச் சுமை குறையும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதன் அடிப்படையோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கட்டுரையாளர் காட்டிய வழிகள் இரண்டே இரண்டு. புதுச்சேரிக்குப் பக்கத்தில் பல நாட்டவர் சேர்ந்து வாழும் ஆரோவில் மாதிரி ஓர் இடத்துக்குக் குடிபெயர வேண்டும், இல்லாவிட்டால் பழைய கூட்டுக் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். சென்னையில் ஃப்ளாட்டில் குடியிருக்கும் எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது?

கூட்டுக் குடும்பத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரே அடுப்பு, ஒரே கிணறு, அதனால் செலவு குறைவு என்பதெல்லாம் சரி. அந்த அடுப்புக்கு முன்னால் நாள் முழுக்க நின்றது யார் என்று கட்டுரை கேட்கவே இல்லை. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் ஒண்டுக் குடித்தனங்களிலும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய்தான் இருந்தது. தண்ணீர் வீணாகவில்லை, வாஸ்தவம். விடியுமுன் எழுந்து வரிசையில் நின்று குடம் சுமந்தவளுக்கு அதை வீணாக்க மனம் வருமா? அதை இப்போது சிக்கனம் என்று கொண்டாடுவது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

ஆரோவில் வேறு கதை. 1968-ல் தொடங்கியபோது அது மழை அரித்துப்போட்ட செம்மண் மேடு. வந்தவர்கள் மரம் நட்டதோடு நிற்காமல், கரை போட்டு மழைநீரை ஓடவிடாமல் நிறுத்தினார்கள். இன்று அங்கே காடு இருக்கிறது. வெயிலில் நீராவி எடுத்துச் சமைக்கிற பொதுச் சமையற்கூடமும் இருக்கிறது. போய்ப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 50,000 பேருக்கென்று திட்டமிட்ட ஊரில், அரை நூற்றாண்டு தாண்டியும் 3,000 பேர் அளவில்தான் வசிக்கிறார்கள். மனம் ஒத்தவர்கள் தேடிவந்து சேர்ந்த இடம் அது. நாங்கள் அப்படிச் சேரவில்லை. வங்கி கொடுத்த கடனுக்கு எந்த ஏரியாவில் வீடு கிடைத்ததோ அந்த ஏரியாவுக்கு வந்து சேர்ந்தோம்.

ஆனாலும் கூடித்தான் வாழ்கிறோம். பதினாறு வீட்டுக்கு ஒரே போர்வெல், ஒரே சம்ப் (தரைக்கடித் தொட்டி), ஒரே மொட்டை மாடி. இவ்வளவையும் பங்கு போட்டுக்கொண்ட பிறகும் நாங்கள் ஏன் இவ்வளவு வீணாக்கினோம்? என் பதில் எளிமையானது: பொதுவாக இருந்தவற்றுக்குக் கணக்கும் இல்லை, பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை.

நம் ஏரிப் பாசனத்தில் இந்த இரண்டும் இருந்தன. மடையைத் திறப்பது, மூடுவது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பார்ப்பது எல்லாம் நீர்கட்டியின் வேலை. அதற்கு அறுவடையின்போது களத்திலேயே நெல்லாகக் கூலி. ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் நேசித்ததால் ஏரி பிழைத்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாய்க்கால் தகராறு இல்லாத ஊர் ஏது? முறை இருந்தது, முறையைக் காக்க ஆள் இருந்தார், ஆளுக்குக் கூலி இருந்தது. (பல ஊர்களில் அந்த வேலையைச் செய்தவர்கள் தலித் மக்கள். அவர்கள் திறந்துவிட்ட தண்ணீர் பெரும்பாலும் அடுத்தவர் நிலத்துக்குத்தான் போனது. பழைய முறையைப் புகழும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.)

எங்கள் குடியிருப்பில் தண்ணீர்ச் செலவைப் பதினாறாகச் சமமாய்ப் பிரித்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேர் இருக்கும் வீடும் ஆறு பேர் இருக்கும் வீடும் ஒரே தொகை கட்டின. சமமாகப் பிரித்தால், சேமிக்கிறவருக்கு லாபத்தில் பதினாறில் ஒரு பங்குதான் வரும். யார் சேமிப்பார்கள்? 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோதுகூட எங்கள் மேல்தொட்டி நிரம்பி வழிந்த நாட்கள் உண்டு.

அப்புறம்தான் வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்கலாம் என்று முடிவானது. சொல்வது சுலபம். பழைய ஃப்ளாட்டுகளில் ஒரு வீட்டுக்குத் தண்ணீர் ஒரே குழாயில் வருவதில்லை. சமையலறைக்கு ஒன்று, குளியலறைகளுக்குத் தனித்தனி என்று மாடித் தொட்டியிலிருந்து பல குழாய்கள் இறங்குகின்றன. ஒரு வீட்டுக்கே மூன்று மீட்டர் தேவைப்பட்டது. செலவைக் கேட்டதும் கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். (புதிதாக வீடு வாங்குகிறவர்கள் இந்த ஒரு கேள்வியையாவது கட்டுநரிடம் கேளுங்கள்: என் வீட்டுக்குத் தண்ணீர் எத்தனை குழாயில் வருகிறது?) கடைசியில் வைத்தோம். கோடையில் வரும் தண்ணீர் லாரிகள் கண்கூடாகக் குறைந்தன. எல்லோரும் ஒரே நாளில் திருந்திவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆளில்லாத வீட்டில் மீட்டர் ஓடியதைப் பார்த்துத்தான் ஃப்ளஷ் டேங்க் கசிவுகள் பிடிபட்டன.

மழைநீர் விஷயம் இன்னும் பெரியது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. அளவுக்குப் பெய்கிறது. 5,000 சதுர அடி மொட்டை மாடியில் அது ஏறத்தாழ ஆறரை லட்சம் லிட்டர். ஆவியானதும் வழிந்ததும் போக ஐந்து லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அரசுக் கணக்குப்படி, அறுபது பேருக்கு இரண்டு மாதத் தண்ணீர்! 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. குழாயும் குழியும் இன்றைக்கும் இருக்கின்றன. குழிக்குள் இருப்பது சேறு. வருஷா வருஷம் ஐப்பசிக்கு முன்பு மணலையும் ஜல்லியையும் அள்ளிக் கழுவிப் போட வேண்டிய வேலை அது. யார் செய்வது என்று எழுதி வைக்காததால் யாரும் செய்யவில்லை. அதோடு, நாங்கள் நிலத்துக்குள் இறக்கும் தண்ணீரைப் பக்கத்து போர்வெல்லும் உறிஞ்சும். அதனால் தெருவே சேர்ந்து செய்தால்தான் நிலத்தடி நீர் ஏறும். அந்த அளவுக்கு நாங்கள் இன்னும் போகவில்லை.

மக்கும் குப்பையைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். நாற்றம் வருகிறது என்றுதான் பல குடியிருப்புகளில் அதை உரமாக்கும் வேலை பாதியில் நின்றுபோகிறது. நாற்றத்துக்குக் காரணம் ஈரம். காய்கறிக் கழிவின் மேல் காய்ந்த சருகை அன்றன்றைக்குத் தாராளமாகப் போட்டால் வராது. நாங்கள் சருகைக் கூட்டிக் கொளுத்திக்கொண்டிருந்தோம், இப்போது மூட்டை கட்டி வைக்கிறோம். கிளறிவிடும் வேலையைத் தூய்மைப் பணியாளர் தலையில் சும்மா கட்டாமல், தனிக் கூலி, கையுறை, ஞாயிறு விடுமுறை என்று பேசி வைத்திருக்கிறோம். இதைச் செய்யாமல் பசுமைக் குடியிருப்பு என்று போர்டு மாட்டுவதில் அர்த்தமில்லை.

அடுத்து நாங்கள் எதிர்பார்ப்பது சூரிய மின்சாரம். ஒவ்வொரு வீட்டின் சொந்த இணைப்புக்கும் குறிப்பிட்ட யூனிட் வரை மின்சாரம் இலவசம் என்பதால் வீட்டுக்காரருக்கு அவசரம் இல்லை. குடியிருப்பின் பொது இணைப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. லிஃப்ட், மோட்டார், மாடிப்படி விளக்குக்கான இந்த மின்சாரம் 2022 கட்டண மாற்றத்தில் யூனிட் 8 ரூபாய் ஆனது. பத்து வீட்டுக்கு மேற்படாத, லிஃப்ட் இல்லாத சிறிய குடியிருப்புகளுக்கு மட்டும் 2023-ல் 5.50 ஆகக் குறைத்தார்கள். ஆக, ஃப்ளாட்டில் விலை கூடிய மின்சாரம் பொது மின்சாரம்தான், அதைத் தயாரிக்க ஏற்ற இடமும் பொது இடமான மொட்டை மாடிதான். 2024-ல் வந்த பிரதமரின் சூரிய வீடு (பி.எம். சூர்ய கர்) திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. இது பல சங்கங்களுக்குத் தெரியவே தெரியாது.

தெரிந்தாலும் நடுவில் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. மேல்தளத்து வீட்டுக்காரர், மொட்டை மாடி தனக்கே எழுதிக் கொடுக்கப்பட்டது என்று ஒரு பத்திரத்தைக் காட்டுகிறார். எங்கள் குடியிருப்பிலும் பேச்சு இதோடுதான் நிற்கிறது. 2022-ல் இயற்றி 2024-ல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி இந்த மாதிரிப் பத்திரம் செல்லுமா, சங்கம் என்ன செய்யலாம் என்று ஒரு வழக்கறிஞரைக் கொண்டு உங்கள் இதழில் எழுத வைத்தால் நன்றாக இருக்கும். அதை அச்செடுத்து எங்கள் லிஃப்டில் ஒட்ட நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மடிப்பாக்கம், சென்னை