சத்தம் கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை

காது மிஷின் வழங்கும் அதிகாரிகள் அவர்களுக்கு,

வணக்கம். போன மாத முகாமில் என் அப்பாவுக்கும் ஒரு மிஷின் கொடுத்தீர்கள். பள்ளிபாளையத்தில் 31 வருடம் விசைத்தறி ஓட்டியவர். தறிக்காரர் காது எப்படிப் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய ஆடியோகிராமில், அதாவது காது சோதனைத் தாளில், 1000 ஹெர்ட்ஸ் வரையான தாழ்ந்த ஒலிகளுக்குக் கோடு ஓரளவு நன்றாகவே வருகிறது, 4000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த ஒலியில் பள்ளத்தில் விழுகிறது. அந்தத் தாளை உங்கள் மேசையில் வைத்தோம். யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. வரிசையில் நின்ற எல்லோருக்கும் கொடுத்த அதே சட்டைப்பை மிஷின்தான் அவருக்கும்.

மாட்டினால் மின்விசிறி இரைகிறது, சட்டைத் துணி உரசுவது கரகரவென்று கேட்கிறது. ஐந்து வயதுப் பேத்தி பேசுவது மட்டும் புரியவில்லை. ‘ச’ மாதிரியான மெல்லிய ஒலிகள் அந்தப் பள்ளத்தில்தானே இருக்கின்றன! “சட்டை போடு தாத்தா” என்றால் “எந்த அட்டை?” என்கிறார். முதலில் சிரித்தாள். இப்போது எதுவானாலும் பாட்டியிடம்தான் போகிறாள். அவர் அதைக் கவனிக்காமல் இல்லை. “சத்தம் கேக்குது கண்ணு, பேச்சுதான் கேக்கல” என்று கழற்றி வைத்துவிட்டார்.

அதனால் கேட்கிறேன், ஆடியோகிராமைப் பார்த்து மிஷினைத் தேர்ந்தெடுங்கள். கேட்கிற ஒலியை அப்படியே விட்டு, கேட்காத உயர்ந்த ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் டிஜிட்டல் மிஷின் அவருக்கு வேண்டும். காதுக்குப் பின்னால் மாட்டுவது, காதை முழுக்க அடைக்காதது, இரண்டு காதுக்கும் தனித்தனியாக. இரண்டு வாரம் வீட்டிலும் சந்தையிலும் போட்டுப் பார்த்த பிறகு, திரும்ப அழைத்துக் கணினியில் சரிசெய்தும் தர வேண்டும்.

செலவாகும் என்பீர்கள். இரைச்சலால் காது போவது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், தொழில்நோய்ப் பட்டியலிலேயே, இடம்பெற்றிருந்த நோய். ஆனால் 31 வருடத்தில் அப்பாவுக்கு ஒரு காதடைப்பான் கொடுத்தவர் இல்லை, காதைச் சோதிக்க வந்தவரும் இல்லை. கழிவுப் பஞ்சைத் திணித்துக்கொண்டு ஓட்டினார். 90 டெசிபலுக்கு மேல் இரைகிற பட்டறையில் பஞ்சு எதைத் தடுக்கும்? அப்போது யாருக்கும் அக்கறை இல்லை. இப்போது ஒரு தாளைப் பார்க்கவும் நேரம் இல்லையா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முகாமுக்கு அப்பாவை மறுபடி அழைத்து வருகிறேன். அதே ஆடியோகிராம் கையில் இருக்கும். தயவுசெய்து முதலில் அதைப் பாருங்கள், அப்புறம் மிஷினை எடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தறித் தொழிலாளியின் மகள்