பாடுன அத்தன பேரோட பேரையும் போடுங்க: பழைய டூ-வாப் பாட்டு வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவோட பழைய டூ-வாப் ரெக்கார்டுகளுக்கு உரிமை வெச்சிருக்கிற மியூசிக் கம்பெனிங்களுக்கும், அதை எங்க காதுவரைக்கும் கொண்டாந்து சேர்க்கிற ஸ்ட்ரீமிங் ஆப்காரங்களுக்கும்,

வணக்கம்.

போன வாரம் ஒருநாள் ராத்திரி ஒரு மணி இருக்கும், தூக்கம் வராம ஹெட்போன மாட்டிக்கிட்டு பழைய பாட்டா கேட்டுட்டு இருந்தேன். ஒரு பாட்டுல அடியில போற அந்த பேஸ் குரல் யாரோடதுன்னு தெரிஞ்சுக்கணும்போல இருந்துச்சு, ஆப்ல கிரெடிட்ஸ்னு இருக்கிற எடத்தத் தொட்டுப் பாத்தேன். குரூப் பேரு இருக்கு. எழுதினவர் பேரு இருக்கு. உரிமை எந்தக் கம்பெனிக்குன்னு வருஷத்தோட இருக்கு. பாடுன பசங்க பேரு இல்ல. சரி அடுத்த பாட்டப் பாப்போம்னு பாத்தா அதுலயும் இல்ல, இப்படியே ஒண்ணொண்ணா முப்பது பாட்டுக்கு மேல தொறந்து பாத்தேன், லீட் பாடுனவர் பேரு ரெண்டு மூணுல இருந்துச்சு, கூட நின்னு பாடுனவங்க பேரு ஒண்ணுல கூட இல்ல. மனசு ரொம்ப கஷ்டமாயிருச்சு. அதான் எழுதுறேன்.

டூ-வாப்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, இந்த மடல படிக்கிற நம்ம ஆளுங்களுக்காக மட்டும் ரெண்டு வரி. 1940கள் கடைசில இருந்து 60கள் ஆரம்பம் வரைக்கும் நியூயார்க், பால்டிமோர், ஃபிலடெல்ஃபியா, சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ் மாதிரி ஊருங்கள்ல கறுப்பினப் பசங்களும், நியூயார்க் பக்கம் போர்ட்டோ ரிக்கோ, இத்தாலியக் குடும்பத்துப் பசங்களும் தெருமுனையிலயும் மாடிப்படியிலயும் சப்வே ஸ்டேஷன்லயும் நின்னு பாடி வளத்த பாட்டு இது. வாத்தியம் வாங்கக் காசில்ல, அதனால வாயே வாத்தியம். ஒருத்தன் கீழ பேஸ்ல தாளம் போடுவான், ரெண்டு பேரு நடுவுல சுருதி கட்டுவாங்க, ஒருத்தன் உச்சியில கள்ளக்குரல்ல பறப்பான், லீட் பாடுறவன் இது எல்லாத்துக்கும் நடுவுல நின்னு உருகுவான். எக்கோ நல்லா வர்ற எடமாப் பாத்து நிப்பாங்க, ஸ்கூல் பாத்ரூமக் கூட விடல. அப்ப இதுக்கு டூ-வாப்னு பேரே கெடையாது, அது பின்னாடி வந்து ஒட்டிக்கிட்ட பேரு.

நான் சொல்ல வர்றது என்னன்னா, இந்தப் பாட்டுல 'கூடப் பாடுனவங்க'ன்னு யாரும் கெடையாது. இவங்கள்ல ஒருத்தர எடுத்துட்டா பாட்டே நிக்காது. 1956-ல வந்த 'வொய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' எடுத்துக்கோங்க, அதுல எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு ஃப்ராங்கி லைமன், அப்ப அந்தப் பையனுக்கு 13 வயசு. ஆனா பாட்டு தொடங்குறது ஷெர்மன் கார்ன்ஸோட பேஸ் குரல்ல. அந்தக் குரல் வந்து கதவத் தொறந்து விட்டதுக்கு அப்புறம்தான் மத்த எல்லாரும் உள்ள வர்றாங்க. அந்த முதல் சில செகண்ட வெட்டி எடுத்துட்டு கேட்டுப் பாருங்க, பாட்டுக்கு கால் இல்லாத மாதிரி இருக்கும்.

அதே குரூப்ல இருந்த ஹெர்மன் சான்டியாகோவும் ஜிம்மி மெர்ச்சன்டும் அந்தப் பாட்ட எழுதினதுல தங்களுக்குப் பங்கு இருக்குன்னு கோர்ட்டுக்குப் போனாங்க. ஏன்னா எழுதினவங்கன்னு பதிவாகி இருந்தது லைமன் பேரும், ரெக்கார்டு கம்பெனி முதலாளி மாரிஸ் லீவி பேரும். 1992-ல கோர்ட்ல ஜெயிச்சாங்க, எழுதினது இவங்கதான்னு தீர்ப்பாச்சு. 1996-ல அப்பீல்ல அந்தத் தீர்ப்பு கவுந்துருச்சு. காரணம், கேஸ் போட மூணு வருஷம்தான் கெடு, நீங்க லேட்டா வந்தீங்கன்னுட்டாங்க. எழுதலன்னு யாரும் சொல்லல, லேட்டுன்னுதான் சொன்னாங்க. படிச்சப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது. எழுத்து உரிமைய இப்ப உங்களால மாத்த முடியாம இருக்கலாம், ஆனா பாடுன அஞ்சு பேரு பேரையும் போடுறதுக்கு எந்தக் கெடு தடுக்குது?

'ஷ்-பூம்' பாட்டக் கேக்காதவங்க கம்மி. அதை எழுதிப் பாடுனது பிராங்ஸ் ஏரியாப் பசங்க, குரூப் பேரு தி கார்ட்ஸ், 1954, அட்லான்டிக் கம்பெனியோட துணை லேபிளான 'கேட்'ல வந்துச்சு. கம்பெனி நம்பி இருந்தது பாட்டி பேஜ்ங்கிற பாடகியோட பாட்டு ஒண்ண இவங்க திருப்பிப் பாடினதத்தான், 'ஷ்-பூம்' தட்டோட மறுபக்கத்துல இருந்த பாட்டு. ஆனா ஜனங்க அதத்தான் திருப்பிப் போட்டுக் கேட்டாங்க. அப்பத்தான் கனடாவுல இருந்து வந்த க்ரூ கட்ஸ்னு ஒரு வெள்ளைக்கார குரூப் அதே பாட்டப் பாடி நம்பர் ஒன் ஆக்கிட்டாங்க. போதாக்குறைக்கு, ஏற்கெனவே கார்ட்ஸ்னு இன்னொரு குரூப் இருக்குன்னு பிரச்சினை வந்து இவங்க பேரையே கார்ட்கேட்ஸ்னு மாத்திக்க வேண்டியதாப் போச்சு. பாட்டும் கைவிட்டுப் போச்சு, பேரும் போச்சு. கார்ல் ஃபீஸ்டர், க்ளாட் ஃபீஸ்டர், ஜிம்மி கீஸ், ஃப்ளாய்ட் மெக்ரே, வில்லியம் எட்வர்ட்ஸ். அஞ்சே பேருதான், ஒரு வரியில அடங்கிருச்சு பாருங்க.

இப்ப உங்ககிட்ட நான் முக்கியமா பேச நெனைக்கிற குரூப்புக்கு வர்றேன், பேரு தி ஃபைவ் ஷார்ப்ஸ். நியூயார்க்ல குயின்ஸ்ல ஜமைக்கான்னு ஒரு ஏரியா, அங்க இருந்த பசங்க. 1952-ல ஜூபிலி கம்பெனிக்கு 'ஸ்டார்மி வெதர்' பாடிக் குடுத்தாங்க. அது 1933-லயே வந்த பாட்டு, ஹரால்ட் ஆர்லனும் டெட் கோலரும் எழுதுனது, எத்தனையோ பேரு பாடினது, ஆனா இவங்க பாடினது வேற மாதிரி. ஆரம்பத்துல இடி இடிக்கும், மழ பெய்யும், அந்தச் சத்தத்துக்கு உள்ள இருந்து பியானோவும் குரல்களும் மெதுவா, ரொம்ப மெதுவா நடந்து வரும். யாரோ நனைஞ்சுகிட்டே வீட்டு வாசல்ல வந்து நின்ன மாதிரி இருக்கும். தட்டு விக்கவே இல்ல. அத்தோட எல்லாரும் மறந்தாச்சு.

1961 வாக்குல, பழைய ரெக்கார்டு சேத்து வெக்கிற ஒரு கலெக்டர் கையில அந்த 78 ஆர்பிஎம் தட்டு, அதாவது நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற தட்டு, ஒண்ணு சிக்குச்சு. டைம்ஸ் ஸ்கொயர்ல சப்வே பாதையில பழைய ரெக்கார்டு விக்கிற கடை ஒண்ணு இருந்துச்சு, டைம்ஸ் ஸ்கொயர் ரெக்கார்ட்ஸ், நடத்தினவர் ஸ்லிம் ரோஸ். தட்டக் கேட்டுப் பாக்க அவர்கிட்ட குடுத்தாங்க. கடையில அவரு ரக்கூன் ஒண்ணு வளத்தாரு, மரநாய் மாதிரி ஒரு பிராணி, அது அந்தத் தட்ட ஒடச்சிருச்சுன்னு கலெக்டருங்க இன்னைக்கும் சொல்வாங்க. இன்னொரு காப்பி கொண்டாந்தா சன்மானம் தர்றேன்னு ஸ்லிம் ரோஸ் அறிவிச்சாரு. ஒருத்தரும் வரல. சரி கம்பெனிகிட்டயே முதல்ல ரெக்கார்டு பண்ணின மாஸ்டர் டேப்பு இருக்கும்னு போய்க் கேட்டா அவங்ககிட்டயும் இல்ல. கடைசில 1964-ல ஜூபிலி என்ன பண்ணுச்சுன்னா, வேற ஆளுங்கள வெச்சு அதே பாட்ட புதுசாப் பாட வெச்சு, அதே ஃபைவ் ஷார்ப்ஸ் பேருல வெளியிட்டுருச்சு. 1977-ல ஒரு காப்பி கெடைச்சு அது 3,866 டாலருக்கு வித்துச்சு, அந்தக் காலத்துல ஒரு தட்டுக்கு அது நெனச்சே பாக்க முடியாத காசு. இன்னைக்கும் உலகத்துல இருக்கிற ஒரிஜினல் காப்பிய விரல் விட்டு எண்ணிடலாம்.

தட்ட ஒடச்ச ரக்கூன் கதை கலெக்டருங்க எல்லாருக்கும் தெரியும், 3,866 டாலர் கணக்கும் தெரியும். பாடுனது யாருன்னு கேட்டா எத்தன பேரு சொல்வாங்க? அதுல பாடுன க்ளாரன்ஸ் பாசெட் பின்னாடி ஷெப் அண்ட் தி லைம்லைட்ஸ்ங்கிற குரூப்ல சேந்து 1961-ல 'டாடிஸ் ஹோம்'ல பாடினாரு, அது அமெரிக்காவுல ரெண்டாம் இடம் வரைக்கும் போன பாட்டு. ரெண்டு பாட்டுலயும் இருக்கிறது ஒரே மனுஷன். உங்க ஆப்ல இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு நூல்கூட இல்ல. அவர் பேரு இருந்திருந்தா, அதத் தொட்டா அங்க இருந்து இங்க வந்திருக்கலாம்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. ஃபைவ் சாட்டின்ஸ் பாடுன 'இன் தி ஸ்டில் ஆஃப் தி நைட்', 1956, நியூ ஹேவன்ல செயின்ட் பெர்னடெட் சர்ச்சோட அடித்தளத்துல ரெக்கார்டு ஆனது. எழுதி லீட் பாடுன ஃப்ரெட் பாரிஸ் அப்ப ராணுவத்துல இருந்தாரு, பாட்டு ஊரெல்லாம் ஓடுறப்ப அவரு ஜப்பான்ல. அதனால அடுத்த வருஷம் வந்த 'டு தி ஐல்' பாட்டுல லீட் பாடினது பில் பேக்கர். ஆப்ல ரெண்டுக்கும் கீழ ஒரே குரூப் பேருதான் இருக்கு, புதுசாக் கேக்கிறவன் ரெண்டும் ஒரே ஆளோட குரல்னு நெனச்சுட்டுப் போயிருவான், நானே ரொம்ப நாளு அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன். இது பத்தாதுன்னு எழுபதுகள்ல திரும்பப் பாடினத 1956-ன்னு போட்டு வெச்சிருக்கீங்க, ஒரே பேருல இருந்த வேற வேற குரூப்புங்கள ஒரே பக்கத்துல கொட்டி வெச்சிருக்கீங்க.

ஆளுங்க பேரு பதிவுல இல்லாததால என்ன ஆகும்னு ஏற்கெனவே பாத்தாச்சு. குரூப் பேரு மேனேஜர்கிட்டயோ கம்பெனிகிட்டயோ மாட்டிக்கும், அசல் ஆளு ஒருத்தர்கூட இல்லாத போலி குரூப்பு அதே பேருல ஊர் ஊரா மேடை ஏறும், அசலாப் பாடுன வயசான மனுஷன் தன் குரூப் பேரச் சொல்லிக்க முடியாம வீட்ல உக்காந்திருப்பாரு. இதத் தடுக்கத்தான் 2005-ல பென்சில்வேனியாவுல முதல்ல சட்டம் வந்து, அப்புறம் முப்பதுக்கு மேல மாநிலங்கள்ல வந்துச்சு.

இதுல காசும் இருக்கு. 1972 பிப்ரவரிக்கு முந்தின ரெக்கார்டுகளுக்கு அமெரிக்க மத்திய சட்டத்துல ரொம்ப வருஷம் பாதுகாப்பே இல்ல, 2018-ல வந்த சட்டம்தான் அதுக்கு வழி பண்ணுச்சு. அந்தச் சட்டப்படி 1947-ல இருந்து 1956 வரைக்கும் வெளியான ரெக்கார்டுகளுக்கு 110 வருஷம் உரிமை. அதாவது 1952-ல வந்த ஒரு தட்டு 2062 முடியுற வரைக்கும் உங்களோடது. இன்டர்நெட் ரேடியோவுல ஓடினா வர்ற பணத்துல பாதி உரிமை வெச்சிருக்கிறவங்களுக்கு, 45 சதவீதம் முதன்மைக் கலைஞர்களுக்குன்னு பிரிக்கிறாங்க. குரூப்புன்னா அதுல இருந்த அத்தன பேரும் முதன்மைக் கலைஞர்தான். அவங்க பேரு எங்கயும் இல்லன்னா அந்தப் பங்கு அவங்க வீட்டுக் கதவ எப்படித் தேடி வரும்? பாடுனவங்கள்ல பல பேரு இன்னைக்கு இல்ல, பேரன் பேத்திங்க இருக்காங்க. தாத்தா என்ன பாடினாருன்னு அவங்க தேடினா கெடைக்கணுமா வேண்டாமா?

பழசு, பேப்பர் எல்லாம் தொலைஞ்சு போச்சு, எங்க போய்த் தேடுறதுன்னு நீங்க கேக்கலாம். உங்க குடோன்ல ஒப்பந்தப் பேப்பர் இருக்கும், ரெக்கார்டிங் அன்னைக்கு எழுதின ஷீட் இருக்கும், முதல்ல அதத் தொறங்க. அதுல இல்லன்னா மார்வ் கோல்ட்பர்க் மாதிரி ஆளுங்க பல வருஷமா பாடுனவங்களத் தேடிப்போயி பேட்டி எடுத்து, யாரு மேல் குரல்ல பாடுற டெனர், யாரு நடுக் குரல்ல பாடுற பாரிடோன், யாரு எப்ப விலகினாங்கன்னு ஒவ்வொரு குரூப்பா எழுதி வெச்சிருக்காங்க, சம்பளம் எதிர்பாத்து செஞ்ச வேலை இல்ல அது. அவங்களக் கூப்ட்டு உக்கார வெச்சு, செய்யிற வேலைக்கு மரியாதையா காசு குடுத்து கேளுங்க. எல்லாப் பாட்டுக்கும் முழுசாக் கெடைக்காது, எனக்கும் தெரியும். கெடைச்ச வரைக்கும் போடுங்க, கெடைக்காத எடத்துல 'பேஸ் பாடியவர் பேர் தெரியவில்லை'ன்னு போடுங்க, அதப் பாத்துட்டு எங்கயோ ஒரு பேத்தி அது எங்க தாத்தான்னு உங்களுக்கு எழுதுவா.

எங்க ஆரம்பிக்கிறதுன்னு யோசிக்க வேண்டாம், ஃபைவ் ஷார்ப்ஸ்ல இருந்தே ஆரம்பிங்க. 1952-ல வந்தத 1964-ல வந்ததோட கலக்காம தனியா வைங்க. அதுக்குக் கீழ போட வேண்டியத நானே எழுதித் தர்றேன், அப்படியே எடுத்துக்கோங்க: லீட் ரொனால்ட் கஃபி, கூட க்ளாரன்ஸ் பாசெட், ராபர்ட் வார்ட், மிக்கி ஓவன்ஸ், பியானோ டாம் டக்கெட்.

இப்படிக்கு,
ராத்திரியில பாட்டு கேக்கிற ஒரு ரசிகன்