வாசலில் நிற்பவருக்கு எந்த வசனம்?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஊழியம் செய்யும் போதகர் ஐயாமாருக்கும் சபை மூப்பர்களுக்கும்,

ஸ்தோத்திரம்.

நான் போதகன் இல்லை. ஞாயிறுதோறும் நடு வாங்கில் இருந்து காணிக்கைத் தட்டு எடுக்கிற ஒரு விசுவாசி. எனக்கு மூத்தவர் ஒருவர் இருக்கிறார், படுவான்கரையில் வயல் செய்கிறார். அவருடைய கதையை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "பேரைப் போடாம எழுது மனே" என்றார்.

அண்ணன் பத்தொன்பது வயதில் வாவியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர். வாலிபர் கூட்டம் நடத்தினார், உபவாசமிருந்தார், சாட்சி சொன்னார். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை கல்லடிக் கரையில் அவருடைய மூன்று வயது மகளைக் கடல் கொண்டுபோனது. அதன் பிறகும் இரண்டு வருடம் சபைக்கு வந்தார். வந்து வாய் திறக்காமல் இருந்துவிட்டுப் போவார். பிறகு நின்றுவிட்டார். தேடிப்போன போதகரிடம், "நான் கும்பிட்ட ஆள் அங்க இல்ல ஐயா, இனி வராதீங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஊருக்குள்ளும் அதையே சொன்னார். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலில் மகளை நினைத்துத் தீர்த்தமாடினார். எங்கள் அயலில் பாதி சைவம், சொந்தத்திலும் பாதி. அவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அண்ணன் ஏதோ கால்தடுக்கி விழுந்தவர் இல்லை, தெரிந்தே விட்டுப்போனவர் என்பதற்காக எழுதுகிறேன். அதைப் பூசி மெழுகினால் பிறகு நான் கேட்பதற்கு அர்த்தமே இராது.

பன்னிரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தார். ஏன் என்று கேட்டால் அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. யானைக் காவலுக்குப் பரணில் படுத்திருந்த ஒரு இரவு பழைய ஞானப்பாட்டு ஒன்று வாயில் வந்ததாம், நிறுத்த முடியவில்லையாம். ஆறு மாதம் கடைசி வாங்கில் இருந்தார். பிறகு அப்பமும் இரசமும் பகிர்கிற திருவிருந்தில் பங்கெடுக்கலாமா என்று கேட்டார். மூப்பர் ஒருவர் வேதத்தை விரித்து எபிரெயர் ஆறாம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினார்: "மறுதலித்துப்போனவர்கள்… மனந்திரும்புதற்கேதுவாய் அவர்களை மறுபடியும் புதுப்பிக்கிறது கூடாதகாரியம்." கோபத்தில் வாசிக்கவில்லை, கண்ணீரோடு வாசித்தார் என்று அண்ணன் சொல்கிறார். அதனால்தான் அண்ணன் அதை நம்பிவிட்டார்.

இப்போது அவர் வருவதில்லை.

ஐயாமாரே, இந்த வசனத்தை இலேசாக்கித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படி இலேசாக்குகிற வழி ஒன்று ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. "விட்டுப்போனவன் ஒருநாளும் இரட்சிக்கப்பட்டவனே இல்லை" என்று 1 யோவான் 2:19 ஐக் காட்டிச் சொல்லிவிடுவது. சிலருக்கு அது பொருந்தலாம். ஆனால் எபிரெயர் நிருபம் யாரைப் பற்றிப் பேசுகிறது? பிரகாசிப்பிக்கப்பட்டவர்கள், பரம ஈவை ருசிபார்த்தவர்கள், பரிசுத்த ஆவியைப் பெற்றவர்கள். இவர்களை வெளிவேஷக்காரர் என்று என்னால் வாசிக்க முடியவில்லை. மெய்யான விசுவாசியும் விழலாம் என்றுதான் நான் நம்புகிறேன். அந்தப் பயம் எனக்கும் வேண்டும்.

ஆனால் வேதாகமக் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர் காட்டித் தந்த ஒரு காரியத்தை நீங்களும் பாருங்கள். நம் தமிழ் வேதத்தில் இங்கே வருகிற சொல் 'மறுதலித்து'. இயேசு தம் சீடன் பேதுருவிடம் சொன்னதும் அதே சொல்தான்: "நீ என்னை மூன்றுதரம் மறுதலிப்பாய்." கிரேக்கத்தில் இவை இரண்டு வேறு சொற்கள். பேதுரு செய்தது 'தெரியாது' என்று மறுப்பது. எபிரெயரில் இருப்பது வழி விலகி விழுந்துபோவது. தமிழில் மட்டும் வாசிக்கிற அண்ணனைப் போன்றவர்களுக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்கிறது. அப்படியே கேட்டாலும், அந்தச் சொல்லைச் சுமந்த பேதுரு பிறகு கடற்கரையில் கரிநெருப்புக்குப் பக்கத்தில் இயேசுவின் வாயாலேயே "என் ஆடுகளை மேய்ப்பாயாக" என்று கேட்டவன்தானே? அதையும் சேர்த்து வாசித்துக்காட்ட ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை?

அதோடு, வசனம் அங்கே முடிந்துவிடவில்லை. எட்டாம் வசனத்து முள் முளைத்த நிலம் கிரேக்கத்தில் சாபத்துக்கு 'அருகில்' இருக்கிறது, இன்னும் சபிக்கப்பட்டுவிடவில்லை. சுட்டெரிக்கப்படுவது அதன் முடிவு என்ற வரியை அண்ணன் கமக்காரனாகவே வாசித்தார்: "எரிக்கிறது திரும்ப விதைக்கத்தானே மனே." அது வியாக்கியானம் ஆகாது என்று அவரிடமே சொன்னேன், ஆக்கினையைத்தான் அங்கே சொல்லியிருக்கிறது. ஒன்பதாம் வசனம் வருகிறது: "பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும், நன்மையானவைகளும் இரட்சிப்புக்குரியவைகளுமான காரியங்கள் உங்களிடத்தில் உண்டாயிருக்கிறதென்று நம்பியிருக்கிறோம்." இந்தக் கடிதம் இன்னும் சபைக்குள் இருந்துகொண்டு போகலாமா என்று யோசிக்கிறவர்களுக்குப் போனது. போய்த் திரும்பி வந்து அழுகிறவருக்கு அதை வாசிப்பது, கரை ஏறியவருக்கு ஆழம் அதிகம் இறங்காதே என்ற பலகையைக் காட்டுவது போல இருக்கிறது.

தன் பிறப்புரிமையை விற்றுப்போட்ட ஏசா கண்ணீரோடு தேடியும் மனம் மாறுதலைக் காணவில்லை என்று அதே நிருபம் சொல்கிறதே என்று சிலர் கேட்பீர்கள். ஆதியாகமம் 27 ஐப் பாருங்கள், அவன் அழுதது தகப்பனின் ஆசீர்வாதத்துக்காக, மனந்திரும்புவதற்காக அல்ல.

இந்த வழக்கு புதியதும் அல்ல. 250 ஆம் ஆண்டு ரோமப் பேரரசன் தேசியு, எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்கு அத்தாட்சித் துண்டு எடுக்க வேண்டும் என்று கட்டளையிட்டான். துண்டு இருந்தால் உயிர் தப்பும். ஒரு துண்டுக் கடதாசியின் பெறுமதியை எங்கள் பகுதிச் சனத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கிறிஸ்தவர்கள் பலர் பலியிட்டார்கள், பலர் காசு கொடுத்துத் துண்டு மட்டும் வாங்கினார்கள். கலவரம் அடங்கியதும் அழுதுகொண்டு சபை வாசலுக்கு வந்தார்கள். வட ஆபிரிக்காவில் கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான் முதலில் கடுமையாகத்தான் நின்றார். 251 இல் ஆயர்கள் கூடி ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரித்து, தவம் செய்வித்துச் சேர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். சேர்க்கவே கூடாது என்று ரோமில் நின்றவர் நொவாத்தியன். அவருடைய கூட்டம் பிரிந்து போனது. 325 இல் ஆயர்கள் கூடிய நீக்கேயாச் சங்கம், யாரும் வற்புறுத்தாமலே விழுந்தவர்களுக்கு வகுத்தது மூன்று வருடம் வசனம் மட்டும் கேட்போர் நடுவில், ஏழு வருடம் முழங்காலில், இரண்டு வருடம் திருவிருந்தில்லாமல் ஜெபத்தில். பன்னிரண்டு வருடம்! அண்ணனுக்கு அதைச் சொன்னபோது, "பரவால்லயே, முடிவு ஒண்டு இரிக்கே" என்றார்.

எங்கள் கரைக்கு வந்த உபதேசங்களையும் பாருங்கள். 1638 இல் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர், அவர்கள் நாட்டுச் சீர்திருத்தச் சபையின் டோர்ட் சங்கத்தின் வழிவந்தவர்கள். தேவனால் தெரிந்துகொள்ளப்பட்டவர் முடிவாக விழமாட்டார் என்பது அவர்கள் கொள்கை. தாவீதும் பேதுருவும் விழுந்ததை அந்தச் சங்கமே எழுதி, தேவன் அப்படிப்பட்டவர்களை மனந்திரும்பப் புதுப்பிக்கிறார் என்றும் எழுதியது. 1814 இல் மட்டக்களப்புக்கு வந்து அடுத்த ஏப்ரலிலேயே இங்கே மண்ணான மிஷனரி வில்லியம் ஓல்ட், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியின் வழி. விசுவாசி உண்மையாகவே விழலாம் என்றவர் வெஸ்லி. விழுந்தவர்கள் எழும்பியதைக் கண்ணால் கண்டேன் என்று அவர்களுக்கென்றே பிரசங்கம் எழுதியவரும் அவர்தான். கத்தோலிக்கருக்கோ குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுகிற பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. விழலாமா என்பதில் முட்டிக்கொண்ட இவர்கள் ஒருவரும், அழுது திரும்புகிறவரை வாசலில் மறிக்கவில்லை. நம்முடைய சில சபைகளில் இன்று கேட்கிற குரல் இவர்களில் யாருடையதும் இல்லை, நொவாத்தியனுடையது.

ஒழுங்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. விசாரியுங்கள். ஒரு வருடம் காத்திருக்கச் சொன்னால் அண்ணன் காத்திருப்பார். மழைக்குக் காத்திருந்து பழகியவர். ஆனால் காலம் சொல்லுங்கள். தண்டிக்கப்பட்ட ஒருவனைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார்: "அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு, நீங்கள் அவனுக்கு மன்னித்து ஆறுதல்செய்யவேண்டும்." அமிழ்ந்துபோவது என்றால் என்னவென்று அண்ணனுக்குத் தெரியும்.

வருகிற மாதம் முதலாம் ஞாயிறு எங்கள் சபையில் திருவிருந்து. அண்ணனை என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருவேன். உள்ளே வரமாட்டார், வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். அந்த மூப்பர் ஐயா இதை வாசித்தால், பாட்டுத் தொடங்குவதற்கு முன்னால் எழும்பிப்போய் அவரைக் கூப்பிடட்டும். நான் கூப்பிட்டால் வரமாட்டார்.

இப்படிக்கு,
அவருடைய தம்பி