நிலவுக்குத் திருத்தம் உண்டு, சாட்சிக்கு இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மாயப்புனைவு எழுதுவது குறித்து வெளிவந்த கட்டுரையில், மந்திரக்கோல் சுழலும் உலகில் காவல் நிலைய நடைமுறையை யார் தேடப்போகிறார்கள் என்று ஒரு வரி போகிறபோக்கில் எழுதப்பட்டிருந்தது. நான் தேடுகிறேன் ஐயா. இளவயதுச் சாட்சிகள் வாக்குமூலம் தரும்போது உடன் அமர்ந்திருக்கும் பணியைப் பல ஆண்டுகள் செய்தவள் என்பதால், தேடாமல் இருக்க என்னால் முடிவதில்லை.

அதே இதழின் தொடர்கதையில், அமைச்சர் ஒருவரை நிழலுருவம் கொல்வதைக் கண்ட 14 வயதுப் பெண்ணை, நகரக் காவல் தலைவர் விடியும்வரை தனியறையில் உட்காரவைத்து மேசையைத் தட்டித் தட்டி விசாரிக்கிறார். அவளைப் பெற்றவர்கள் எங்கே என்று கதையில் ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் உண்மை பேசவைக்கும் கல்லை அவள் உள்ளங்கையில் வைத்ததும் பெயர் உதிர்கிறது, வழக்கும் முடிகிறது. அந்தக் கல்லால் பொய்யைத் தடுக்க முடியும் என்றே வைத்துக்கொள்வோம். தவறான நினைவை அது எப்படித் தடுக்கும்? 'நீலச் சால்வை போர்த்தியவன்தானே?' என்று இரவெல்லாம் கேட்கப்பட்ட பெண், காலையில் நீலச் சால்வையைப் பார்த்ததாகவே மனமார நம்புவாள்; கல்லும் அதை உண்மை என்றே சொல்லும். கேள்வியில் ஒரு வினைச்சொல்லை மாற்றினாலே, விபத்துக் காட்சியைக் கண்டவர்கள் சொல்லும் வண்டியின் வேகம் மாறுவதையும், சிலர் உடையாத கண்ணாடியைக்கூட உடைந்ததாக நினைவுகூர்வதையும் உளவியல் ஆய்வாளர்கள் லாஃப்டஸும் பால்மரும் 1974-இலேயே காட்டிவிட்டார்கள். அந்தச் சோதனையில் பங்கேற்றவர்கள் கல்லூரி மாணவர்கள். அவர்கள் நிலையே அதுவென்றால், அதிகாரியின் முகத்தைப் பார்த்தே பதிலை வடிவமைத்துக்கொள்ளும் பிள்ளைகளின் நிலை என்னவென்று தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். 'தெரியாது' என்பதையே மூன்று விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். விரல் மட்டும் மேசை விளிம்பில் பெயர்ந்த ஒட்டுத்தாளைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. முதல் 'தெரியாது' உண்மையிலேயே தெரியாததற்கு, இரண்டாவது நண்பனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாததற்கு, மூன்றாவது அந்த நேரத்தில் தான் போகக்கூடாத இடத்தில் இருந்ததை வீட்டாருக்கு மறைப்பதற்கு. நல்ல விசாரணை அதிகாரி அவசரப்படவில்லை. 'தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், நான் தவறாகச் சொன்னால் திருத்தலாம்' என்று முதலிலேயே சொல்லிவிட்டு, வழக்கோடு தொடர்பில்லாத ஏதோவொரு நாளைப் பற்றிப் பேசவிட்டு, அதன் பிறகே 'அன்று நடந்ததை முதலிலிருந்து சொல்' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். பயிற்சி பெற்றவர்கள் இன்று பின்பற்றும் முறை ஏறத்தாழ இதுதான். அந்த அறையில் நிலவிய மௌனத்தில் இருந்த பதைபதைப்பு, தங்கள் தொடரில் வரும் அத்தனை டிராகன்களிடமும் சேர்ந்து இல்லை.

இப்படியொரு காட்சியை எழுதி, நானே ஒரு மாயக்கதையைத் தங்களுக்கு அனுப்பியிருந்தேன். சாட்சிகளான இரு சிறுமியர், காவலர் வருவதற்குள் பேசும் கண்ணாடி வழியாகத் தாங்கள் கண்டதை ஒப்பிட்டுக்கொள்கிறார்கள்; எது யார் கண்டது என்பதே பிறகு பிரித்தறிய முடியாததாகிவிடுகிறது. 'விசாரணை நீளம், மாயம் குறைவு' என்ற குறிப்புடன் கதை திரும்பி வந்தது. வருத்தமில்லை. ஆனால் அடுத்து வந்த ஆண்டு மலரிலேயே, கொலைகாரன் எதிரில் கைநீட்டினால் தொடும் தூரத்தில் 16 வயதுப் பையனை நிறுத்தி, 'இவன்தானா?' என்று கேட்கும் கதை முதல் பரிசு பெற்றிருந்ததைப் படித்தபோது, மாயம் எங்கே கூடுதலாக இருந்தது என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. சந்தேகத்துக்குரியவரைப் பலரோடு கலந்து நிறுத்தி அடையாளம் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பு என்று ஒன்று இருப்பதை அந்த எழுத்தாளருக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

18 வயதுக்குட்பட்ட சாட்சிகளை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு ஐக்கிய நாடுகள் அவை 2005-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஐஸ்லாந்து 1998-லேயே இதற்கென ஒரு தனி வீட்டை அமைத்தது. அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் மட்டும் பாதிக்கப்பட்ட பிள்ளையுடன் பேச, மற்ற அதிகாரிகள் வேறு அறையிலிருந்து பார்க்கிறார்கள், பேச்சு பதிவாகிறது. பிள்ளை அதே கதையை ஆள்மாற்றி ஆளிடம் சொல்லிச் சொல்லித் தேய வேண்டியதில்லை. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், ஒப்புக்கொள்கிறேன். கற்பனை நாட்டுக்கும் தனிச்சட்டம் இருக்கட்டும். இருக்கிறது என்றாவது தெரியட்டும். அதை ஒருவர் மீறினால் அதுவும் கதைதான், மீறியதற்கு விலையாக அந்த வாக்குமூலம் மன்றத்தில் உடைந்து போகட்டும். தங்கள் எழுத்தாளர்கள் மந்திரத்துக்கு மட்டும் பக்கம் பக்கமாக விதி வகுக்கிறார்கள், எத்தனை முறை உச்சரித்தால் எத்தனை நாள் காய்ச்சல் வரும் என்பதுவரை.

இதே தொடரில் இரண்டு நிலவுகள் ஒரு வாரம் மூன்றாகிவிட்டதற்கு, வருத்தம் தெரிவித்துக் கட்டம் கட்டித் திருத்தம் வெளியிட்டீர்கள். அந்தக் கவனத்தை மெச்சுகிறேன். பிள்ளைகளும் படிக்கும் தொடர் இது. நாளை ஏதேனும் ஒன்றைக் கண்டுவிட்ட ஒரு பிள்ளை, அதைச் சொல்லப் போனால் விடியும்வரை தனியாக உட்காரவைத்து மிரட்டுவார்கள் என்று எண்ணி வாயடைத்துப் போவதற்கும் ஒரு கட்டம் ஒதுக்கலாம்.

நான் கேட்பது சிறியதுதான். தொடர் புத்தகமாகும்போது, அந்த அறையில் பெண்ணுக்கு அருகே இன்னொரு நாற்காலி போட்டு, அவள் நம்பும் பெரியவர் ஒருவரை உட்காரவையுங்கள். அவர் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். மற்றபடி, சென்ற முறை என் கடிதத்தை நான்கு வரியாக்கி, 'தொடர் அருமை' என்ற பகுதியை மட்டும் வெளியிட்டது போல இதையும் செய்வதாக இருந்தால், வெளியிடாமலே விட்டுவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி