விழாவுக்கு மறுநாள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிராமத்துக் கலைகளுக்கு உதவி என்றாலே மேடை, வாழ்த்துரை, புகைப்படம் என்று ஆகிவிட்டது. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை அந்தக் கலைஞர், தோல் கிழிந்த அதே மேளத்தைத் தூக்கிக்கொண்டுதான் ஊர் திரும்புகிறார்.

தேவைப்படுவது பெரிய தொகையும் இல்லை. கருவிகளைப் பழுதுபார்க்கக் கொஞ்சம் பணம், மாலையில் பூட்டிவிடாத ஒரு கூடம், அப்புறம் சொல்லிக்கொடுப்பவருக்கு மாதாமாதம் சம்பளம். இந்தச் சம்பளம்தான் பலர் கண்ணில் படுவதே இல்லை. முதியவர்களின் பாட்டைச் செல்போனில்கூடப் பதிவு செய்யலாம். பாடியவர் யார், எந்தச் சமயத்தில் பாடுவது என்பதையும் கூடவே எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்துக் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது.

மரபுக் கலைகளைக் காக்கும் வேலையில் அந்தந்தச் சமூகத்தாரையே பங்கேற்கச் செய்ய வேண்டும் என்கிறது, யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கை. நடப்பதோ வேறு. நிதி கேட்கும் விண்ணப்பம் ஊராருக்குப் புரியாத நடையில் பக்கம் பக்கமாக நீள்கிறது. நிரப்பத் தெரிந்தவருக்கே பணம் போகிறது. சரி, படிவத்தை இரண்டு பக்கமாகச் சுருக்கி, நேரில் கேட்டு எழுதிக்கொள்ள ஓர் ஆளை அனுப்பினால் என்ன?

– ஒரு வாசகர்