கடித்த காலை மட்டும் பார்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில நாள்களாக மலேசியாவில் எங்கள் வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. பாதம் முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சீழ்க்கொப்புளங்கள். கீழே, "நெருப்பெறும்புக் கடி, உடனே பகிருங்கள்" என்று ஒரு வரி. அதைப் பார்த்த அண்டை வீட்டு அம்மாள் பேரனைத் தமிழ்ப்பள்ளித் திடலில் கால் வைக்கவே விடமாட்டேன் என்கிறார். தோட்ட மருந்தகத்தில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு நம் மக்கள் வேறொன்றுக்குப் பயப்படுகிறார்களே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எது கடித்தது என்பதிலேயே பாதிக் குழப்பம். மாமரத்திலும் ரம்புத்தானிலும் இலைகளை இழுத்து ஒட்டிக் கூடு கட்டும் முசுறுக்கு, மலாய்க்காரர்கள் கெரெங்கா என்கிறார்களே, அதற்குக் கொடுக்கு கிடையாது. கடித்துவிட்டு அந்த இடத்தில் அமிலத்தைப் பீய்ச்சும். சுரீர் என்று எரிந்து விரைவில் அடங்கிவிடும். நெருப்பெறும்பு மண்ணில் குடியிருப்பது. வெயில் விழும் இடம்தான் அதற்குப் பிடிக்கும்: திடலின் ஓரம், கால்வாய்க் கரை, கோயில் மதிலின் அடி, செம்பனை (எண்ணெய்ப்பனை) மரத்தைச் சுற்றிப் புல்லைக் கொன்று வைத்திருக்கும் வட்டம். நிறம் செம்பழுப்பு. ஒரே புற்றில் சிறியதும் பெரியதும் கலந்திருக்கும். பெரியவற்றின் தலை உடம்புக்குப் பொருந்தாமல் பருத்திருக்கும்.

புற்றை மிதித்தவுடன் கூட்டமாகக் காலில் ஏறும். தாடையால் தோலைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, வயிற்றை வளைத்துப் பின்பக்கக் கொடுக்கால் குத்தும். கவ்விய பிடியை விடாமல் உடம்பை மட்டும் நகர்த்தி மறுபடி மறுபடி குத்தும். தடிப்புகள் கொத்தாகவும் வளைவாகவும் இருப்பது அதனால்தான். காலை உதறுவதும் தண்ணீரை ஊற்றுவதும் பயன் தராது. கையாலோ துணியாலோ வேகமாகத் தேய்த்துத் தள்ளிவிட்டு, அங்கிருந்து விலகிப் போய், பூட்ஸையும் காலுறையையும் கழற்றி மடிப்புக்குள் பார்க்க வேண்டும்.

படத்தில் உள்ள கொப்புளம் பொய்யல்ல. தென் அமெரிக்காவிலிருந்து 1930களில் மொபீல் துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்குள் நுழைந்து, 2001இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலும் கண்டுபிடிக்கப்பட்ட இனம் ஒன்று உண்டு. அது குத்திய இடத்தில் ஒரு நாளுக்குள் அப்படித்தான் வெள்ளையாக எழும்பும். நம் பக்கத்தில் நெடுங்காலமாக இருப்பது அதன் பங்காளியான இன்னோர் இனம். பலருக்கு அது சிவந்து, தடித்து, அரிப்பதோடு முடிந்துவிடுகிறது. கொப்புளமே வந்தாலும், அது கிருமியால் வந்த சீழ் அல்ல, நஞ்சு தோலைப் புண்ணாக்கியதால் வந்தது. உடைக்காமல் விட்டால் தானாக வற்றிவிடும். ஊக்கு ஊசியால் குத்தி உடைப்பவர்களுக்குத்தான் பிறகு புண் சீழ் பிடிக்கிறது. சர்க்கரை நோயாளிகள் சொறியக்கூட வேண்டாம். அவர்கள் பாதத்தைத் தினமும் பார்த்து, சிவப்பு பரவினால் கிளினிக்குக்குப் போகட்டும்.

சாதாரணக் கடிக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை ஒற்றி எடுங்கள். வீக்கம் ஏறுமுன் மெட்டியையும் கொலுசையும் கழற்றிவிடுங்கள். அரிப்புக்குச் செட்டிரிசின் போன்ற மாத்திரையும் ஒரு விழுக்காட்டு ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பும் போதும். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். கோடாலித் தைலத்தை விட்டுக்கொடுக்க நம்மவர்களுக்கு மனம் வராது; அதைத் தலைவலிக்கு வைத்துக்கொள்ளட்டும்.

உயிருக்கு ஆபத்து வருவது வேறு வழியில். நஞ்சில் மிகக் குறைந்த அளவே உள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். செம்பனை மரத்தடியில் உதிர்ந்த பழம் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை ஒருமுறை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கூட வந்தவர்கள் அத்தனை பேரும் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வெற்றிலைச் சுண்ணாம்பை விரல் விரலாகப் பூசிக்கொண்டிருந்தார். கணுக்காலில் இருந்தவை என்னவோ ஏழெட்டுத் தடிப்புகள்தாம். அந்த அம்மாளோ காலைத் தொடவே இல்லை. இரண்டு உள்ளங்கைகளையும் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டே இருந்தார். காது மடல்கள் சிவந்து தடித்திருந்தன. அடிக்கடி தொண்டையைச் செருமினார். வாய் திறந்தபோது வந்த குரல் எனக்குப் பழகிய குரலாக இல்லை. காலையில் பசியாறாமல் வேலைக்கு வந்ததால் மயக்கம் என்று பக்கத்தில் இருந்தவர் விளக்கம் சொன்னார். அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்புறத்தில் போட்ட பிறகுதான் குரல் திரும்பியது. அதன் பின்னும் அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பினோம். அடங்கியது சில மணி நேரம் கழித்து மீண்டும் தலைதூக்கக்கூடும் என்பதால் அங்கே வைத்துப் பார்த்துத்தான் விட்டார்கள்.

அதனால் கடித்த இடத்தை விட்டு மற்ற உடம்பைப் பாருங்கள் என்கிறேன். உடலெங்கும் தடிப்பு, உதடும் கண்ணிமையும் வீங்குவது, குரல் கம்முவது, மூச்சில் விசில் சத்தம், வாந்தி, தலைசுற்றல். பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இவை தெரிந்துவிடும். அந்த நேரத்தில் அரிப்பு மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. மாத்திரை அட்ரினலினுக்கு மாற்று ஆகாது. இத்தனை காலம் கடிபட்டும் ஒன்றும் ஆகவில்லையே என்ற கணக்கும் செல்லாது. முன்பு பட்ட கடிகளால்தான் உடம்பில் ஒவ்வாமையே உருவாகிறது. மயக்கம் வந்தவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும். நடக்க வைக்காதீர்கள். மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து இருவர் பிடித்துக்கொண்டு போவதை நம்மூரில் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த நிலையில் உள்ளவரை அப்படி நிமிர்த்தி வைப்பதே ஆபத்து.

தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பல இடங்களில் மருந்தகமும் போய்விட்டது. ஆகவே தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும்தான் இது முதலில் தெரிந்திருக்க வேண்டும். விளையாட்டுப் போட்டிக்கு முன்பு திடலைச் சுற்றி வந்து புற்று இருக்கும் இடங்களைக் கயிறு கட்டி அடையாளம் காட்டுவது பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குப் பெரிய வேலை அல்ல. அவசர உதவிக்கு 999ஐ அழைப்பவர்கள், எறும்பு கடித்துவிட்டது என்று மட்டும் சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்கு அவசரம் புரியாது. மூச்சு முட்டுகிறது, முகம் வீங்குகிறது என்று சொல்லுங்கள். செம்பனைக் காட்டுக்குள் எல்லாப் பாதையும் ஒன்று போலவே இருக்கும். ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு வழி காட்ட ஓர் ஆளைப் பெரிய சாலை முனைக்கு உடனே அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட டிரசர்,
சுங்கை சிப்புட், பேராக்